பத்து பேர் கிளம்பினார்கள், இரண்டு பேர் மிஞ்சினார்கள்: பேக்-12 உடைந்த கதை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு கொடியில இருந்து கதையை ஆரம்பிக்கிறேன்.

அமெரிக்காவில் காலேஜ் ஃபுட்பால் சீசன் நடக்கும்போது, ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் இஎஸ்பிஎன் சேனலில் 'காலேஜ் கேம்டே' என்று ஒரு நிகழ்ச்சி வரும். அந்த வாரத்தின் பெரிய மேட்ச் எந்த ஊரிலோ, அங்கேயே போய் மேடை போட்டு நேரலை செய்வார்கள். மேடைக்குப் பின்னால் உள்ளூர் ரசிகர்கள் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு மேலே, எந்த ஊராக இருந்தாலும் சரி, யார் விளையாடினாலும் சரி, கருஞ்சிவப்பில் ஒரு கொடி பறந்துகொண்டிருக்கும். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கொடி அது. ரசிகர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'ஓல்' கிரிம்சன்'.

2003 அக்டோபரில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரத்துக்கு ஒரு ரசிகர் இந்தக் கொடியைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட விடவில்லை. 300 நிகழ்ச்சிகளைத் தாண்டியாச்சு. ஒரு ஊர் ரசிகர் கொடியை மடித்துப் பார்சல் போட, அடுத்த ஊர் ரசிகர் அதை வாங்கிப் பிடிப்பார். யாரும் சம்பளம் கொடுத்துச் செய்ய வைத்த வேலை இல்லை இது.

இவ்வளவு விசுவாசமான ரசிகர்கள் இருக்கிற டீமை, 2023-ல் எந்தப் பெரிய லீக்கும் சேர்த்துக்கொள்ளவில்லை. 108 வருஷ வரலாறு உள்ள ஒரு கூட்டணி ஒரே கோடைகாலத்தில் கலைந்தது. 12 பேர் இருந்த வீட்டில் 10 பேர் கிளம்பிப் போக, மிஞ்சியது இரண்டு பேர். ஏன் அந்த இரண்டு பேர்? அதுதான் இன்றைய எபிசோட்.

முதலில், விளையாட்டு என்ன?

நாம சொல்ற ஃபுட்பால் அவங்களுக்கு சாக்கர். அவங்க சொல்ற ஃபுட்பால், ஹெல்மெட் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். இதில் என்எஃப்எல் என்பது தொழில்முறை லீக். ஆனால் பல மாநிலங்களில் என்எஃப்எல் டீமே கிடையாது. அங்கே சனிக்கிழமை என்றால் காலேஜ் டீம்தான். தாத்தா படித்த காலேஜ், அம்மா படித்த காலேஜ், அல்லது படிக்கவே இல்லை என்றாலும் நம்ம ஊர் காலேஜ்.

இந்தக் காலேஜ்கள் 'கான்ஃபரன்ஸ்' என்ற குழுக்களாகப் பிரிந்து விளையாடும். இதை யாரும் மேலே உட்கார்ந்து பிரித்துக் கொடுப்பதில்லை. பக்கத்துப் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் தாங்களே பேசி வைத்துக்கொண்ட கூட்டணி. ஐரோப்பிய சாக்கர் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: கடைசி இடத்தில் முடித்தால் கீழ் டிவிஷனுக்கு இறங்கணும், கீழே ஜெயித்தால் மேலே ஏறலாம். காலேஜ் ஃபுட்பாலில் அப்படி ஏற்ற இறக்கம் கிடையாது. நீங்க எந்தக் கான்ஃபரன்ஸில் இருக்கீங்க என்பதை மற்ற பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். ஸ்கோர்போர்டுக்கு அதில் நேரடி வேலை இல்லை. இதை மனசுல வச்சுக்கோங்க.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டு பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள். சியாட்டிலில் இருப்பது 'யுனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன்', டீம் பெயர் ஹஸ்கீஸ். மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே புல்மன் என்ற சின்ன ஊரில் இருப்பது 'வாஷிங்டன் ஸ்டேட்', டீம் கூகர்ஸ். தெற்கே ஆரிகன் மாநிலத்திலும் இதே கதை. யூஜீன் நகரத்தில் 'யுனிவர்சிட்டி ஆஃப் ஆரிகன்', டீம் டக்ஸ். அங்கிருந்து ஒரு மணி நேர டிரைவில் கோர்வாலிஸ் ஊரில் 'ஆரிகன் ஸ்டேட்', டீம் பீவர்ஸ். சுருக்கமா, ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு பெரிய வீடு, ஒரு சின்ன வீடு. பெரிய வீடுகள் இரண்டும் கிளம்பின. சின்ன வீடுகள் இரண்டும் மிஞ்சின.

போர்ட்லாந்தில் ஒரு ஹோட்டல், 1915

1915 டிசம்பரில், ஆரிகன் மாநிலம் போர்ட்லாந்தில், ஒரு ஹோட்டலில் நாலு பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகள் உட்கார்ந்து 'பசிபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஆரிகன், அப்புறம் அன்றைக்கு ஆரிகன் வேளாண் கல்லூரி என்று பெயர் கொண்டிருந்த ஆரிகன் ஸ்டேட். பின்னாடி மிஞ்சப் போகிற இருவரில் ஒருவர், ஸ்தாபக உறுப்பினர். இன்னொருவரான வாஷிங்டன் ஸ்டேட் அடுத்த ஓரிரு வருஷத்திலேயே வந்து சேர்ந்தது. ஸ்டான்ஃபோர்ட், யுஎஸ்சி, ஐடஹோ, மொன்டானா, யுசிஎல்ஏ எல்லாம் 1920-களின் முடிவுக்குள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.

இந்தக் கான்ஃபரன்ஸின் பெரிய பரிசு ரோஸ் பௌல். புத்தாண்டு அன்று கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் நடக்கும் மேட்ச். ஒரே ஒரு கதை சொல்றேன். 1942 ஜனவரி 1 ரோஸ் பௌலுக்கு ஆரிகன் ஸ்டேட் தகுதி பெற்றது. ஆனால் 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. மேற்குக் கரையில் கூட்டம் கூடக் கூடாது என்று உத்தரவு. அதனால் மேட்சையே நாட்டின் மறுமுனைக்கு, எதிரணியான டியூக் பல்கலைக்கழகத்தின் சொந்த ஊர் டர்ஹமுக்குத் தூக்கிப் போனார்கள். எதிரணி ஊரிலேயே போய் ஆரிகன் ஸ்டேட் 20-16 என்று ஜெயித்தது. கோர்வாலிஸில் இந்தக் கதை தெரியாத ரசிகர் இருக்க மாட்டார்.

முதல் உடைப்பு, 1959

2023-ல் நடந்ததை எல்லாரும் 'வரலாறு காணாத' என்று எழுதினார்கள். ஆனால் அதே கான்ஃபரன்ஸ், கிட்டத்தட்ட அதே ஆட்கள், 64 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு தடவை உடைந்திருக்கிறார்கள்.

1956-ல் ஒரு ஊழல் வெளியே வந்தது. வாஷிங்டன், யுசிஎல்ஏ, யுஎஸ்சி, கலிஃபோர்னியா என்று பெரிய இடங்களில் எல்லாம் பணக்கார ஆதரவாளர்கள் ரகசிய நிதி வைத்து வீரர்களுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கான்ஃபரன்ஸ் அபராதம் போட்டது, தடை போட்டது. யாருக்கு யார் தண்டனை கொடுப்பது என்று சண்டை முற்றி, 1959-ல் மொத்தக் கான்ஃபரன்ஸையும் கலைத்தார்கள். உடனே கலிஃபோர்னியாவின் நாலு பேரும் வாஷிங்டனும் சேர்ந்து புதுக் குழு ஆரம்பித்தார்கள். ஆரிகன், ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட், ஐடஹோ நாலு பேருக்கும் அழைப்பு இல்லை.

அப்படி வெளியே நின்ற வருஷங்களில் ஒன்று 1962. கான்ஃபரன்ஸே இல்லாத ஆரிகன் ஸ்டேட்டில் டெர்ரி பேக்கர் என்று ஒரு குவாட்டர்பேக். அந்த வருஷம் நாட்டின் சிறந்த காலேஜ் வீரருக்கான ஹைஸ்மன் விருது அவருக்குப் போனது. மேற்குக் கரைக்கு வந்த முதல் ஹைஸ்மன் அதுதான். கலிஃபோர்னியாவின் பெரிய பல்கலைக்கழகங்கள் எதுவும் அதுவரை வாங்காத விருது.

வாஷிங்டன் ஸ்டேட்டை 1962-லும், இரண்டு ஆரிகன்களை 1964-லும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஐடஹோவை மட்டும் சேர்க்கவே இல்லை. ஐடஹோ பல்கலைக்கழகம் இருக்கிற மாஸ்கோ என்ற ஊர், புல்மனிலிருந்து வெறும் 13 கிலோமீட்டர். மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒருத்தர் உள்ளே போனார், ஒருத்தர் வெளியே நின்றார். இன்றைக்கு ஐடஹோ ஒரு படி கீழே இருக்கிற டிவிஷனில் விளையாடுகிறது.

அந்தக் குழுதான் 1968-ல் பேக்-8, 1978-ல் அரிசோனாவும் அரிசோனா ஸ்டேட்டும் வந்து பேக்-10, 2011-ல் கொலராடோவும் யூட்டாவும் வந்து பேக்-12 ஆனது.

டிவி உள்ளே வருகிறது

இந்தக் கதையில் எல்லாத்தையும் மாற்றிய ஒரே நாளைச் சொல்லச் சொன்னால், நான் 1984 ஜூன் 27-ஐச் சொல்வேன்.

அதுவரைக்கும் காலேஜ் ஃபுட்பால் ஒளிபரப்பு முழுக்க என்சிஏஏ என்ற மத்திய அமைப்பின் கையில் இருந்தது. எந்த மேட்ச் டிவியில் வரும், யாருக்கு எவ்வளவு பணம் எல்லாம் அவர்கள் முடிவு. எந்த டீமும் இரண்டு வருஷத்தில் ஆறு தடவைக்கு மேல் டிவியில் வரக்கூடாது. 1981-ல் ஒரு வாரம், ஓக்லஹோமாவும் யுஎஸ்சியும் மோதிய மேட்ச் 200 ஸ்டேஷன்களுக்கு மேல் ஒளிபரப்பானது. அதே நாளில் சிட்டாடல், அப்பலேச்சியன் ஸ்டேட் என்ற இரண்டு சின்னக் காலேஜ்கள் மோதியதை நாலே நாலு ஸ்டேஷன்கள் போட்டன. நாலு காலேஜுக்கும் கிடைத்த தொகை ஒன்றுதான்.

ஓக்லஹோமா பக்கமிருந்து பாருங்க, கோபம் வருமா வராதா? ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டன. உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. என்சிஏஏ-வின் கட்டுப்பாடு, சந்தையில் போட்டியைத் தடுக்கும் சட்டவிரோதச் செயல் என்றது.

எதிர்த்து எழுதியவர் நீதிபதி பைரன் ஒயிட். இவர் யார் தெரியுமா? 1937-ல் ஹைஸ்மன் ஓட்டெடுப்பில் இரண்டாவதாக வந்த ஆட்டக்காரர். கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம். காலேஜ் விளையாட்டை வெறும் வியாபாரமாகப் பார்த்துத் தீர்ப்பெழுதினால், படிப்போடு அதற்கு இருக்கிற உறவு என்னாகும் என்பதுதான் அவர் கவலை. அந்த ஒன்பது பேரில், பந்தோடு மைதானத்தில் ஓடி நாடு முழுக்கப் பேர் வாங்கியவர் அவர் ஒருத்தர்தான். 39 வருஷம் கழித்து அவருடைய கொலராடோ என்ன செய்தது என்பதற்கு வர்றேன்.

தீர்ப்பு தப்பு என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரு சங்கம் கூடி, யார் எத்தனை தடவை டிவியில் வரலாம் என்று ரேஷன் போடுவதும் நியாயமாகத் தெரியவில்லை. ஆனால் விளைவு இதுதான்: இனிமேல் கான்ஃபரன்ஸ்கள்தான் ஒளிபரப்பு உரிமையை விற்கும். அப்படியென்றால், உங்க கான்ஃபரன்ஸில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் உங்க விலை.

முதல் பலி டெக்சாஸில். 1914-ல் ஆரம்பித்த சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸில் கடைசியில் கிட்டத்தட்ட எல்லாரும் டெக்சாஸ்காரர்கள்தான். விசுவாசம் ஏராளம், ஆனால் டிவி சந்தை ஒரே ஒரு மாநிலம். டெக்சாஸ், டெக்சாஸ் ஏ அண்ட் எம், டெக்சாஸ் டெக், பேய்லர் நாலு பேரும் 1996-ல் பிக் எயிட்டோடு சேர்ந்து பிக் 12 ஆனார்கள். எஸ்எம்யு, ரைஸ், டிசியு, ஹூஸ்டன் நாலு பேரும் நடுத்தெருவில். இதில் டிசியு திரும்பப் பெரிய லீக்குக்கு வர 2012 ஆனது. ஹூஸ்டனுக்கு 2023. எஸ்எம்யு 2024-ல் ஏசிசி கான்ஃபரன்ஸில் நுழைந்தது. அதுவும் ஒன்பது வருஷத்துக்கு டிவி பணமே வேண்டாம், உள்ளே விட்டால் போதும் என்று சொல்லித்தான். ரைஸ் இன்னும் வெளியேதான் நிற்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை

பேக்-12 பக்கம் வருவோம். 2011-ல் அவர்கள் போட்ட டிவி ஒப்பந்தம் 12 வருஷத்துக்குச் சுமார் 300 கோடி டாலர். அந்த நேரத்தில் அதுதான் பெரிசு. சொந்தமாக ஒரு சேனலும் ஆரம்பித்தார்கள், முழு உரிமையும் நம்மகிட்டயே இருக்கணும் என்று. ஆனால் டைரக்டிவி என்ற பெரிய சாட்டிலைட் நிறுவனத்தோடு கடைசி வரை ஒப்பந்தம் ஆகவே இல்லை. ரசிகர்களில் பெரும்பகுதிக்கு டீம் விளையாடுவதே கண்ணில் படவில்லை. 2021-ல் டெக்சாஸும் ஓக்லஹோமாவும் பிக் 12-ஐ விட்டுப் போவதாக அறிவித்தபோது, மிச்சமிருந்த எட்டுப் பேரில் சிலரையாவது பேக்-12 இழுத்திருக்கலாம். விரிவாக்கம் வேண்டாம் என்று கதவைச் சாத்தினார்கள்.

2022 ஜூன் 30. யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் 2024-லிருந்து பிக் டென்னுக்குப் போகிறோம் என்று அறிவித்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் சந்தை மொத்தமும் கையை விட்டுப் போனது. அந்த ஆகஸ்டிலேயே பிக் டென் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூவரோடும் 700 கோடி டாலருக்கு மேலான ஏழு வருஷ ஒப்பந்தம் போட்டது. கைவிடப்படும் என்று எல்லாரும் நினைத்த பிக் 12 கூட அக்டோபரில் முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு வருஷத்துக்குச் சராசரியாக 3 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேல். பேக்-12 இன்னும் பேசிக்கொண்டே இருந்தது.

2023 ஜூலை 27-ல் கொலராடோ பிக் 12-க்குக் கிளம்பியது. ஆமாம், பைரன் ஒயிட்டின் கொலராடோ. ஆகஸ்டில் கமிஷனர் மேஜையில் வைத்தது ஆப்பிளின் ஸ்ட்ரீமிங் திட்டம்: அடிப்படைத் தொகை குறைவு, சந்தாதாரர்கள் சேரச் சேரக் கூடும். ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தார்கள். முழுப் பங்குகூட இல்லை, ஆரம்பத்தில் சுமார் பாதிதான். அன்றைக்கே அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. செப்டம்பர் 1-ல் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ஏசிசிக்கு. ஏசிசி என்பதன் விரிவில் 'அட்லான்டிக் கோஸ்ட்' இருக்கு, பசிபிக் கரையில் இருக்கிற காலேஜ்கள் அதில் சேர்ந்தன. யாரும் சிரிக்கவில்லை.

14-ஆம் ரேங்க், 21-ஆம் ரேங்க்

மிஞ்சிய இருவர் மோசமான டீம்களா? 2023 செப்டம்பர் 23-ல் புல்மனில் இருவரும் மோதினார்கள். ஆரிகன் ஸ்டேட் அப்போ நாட்டிலேயே 14-ஆம் ரேங்க். வாஷிங்டன் ஸ்டேட் 21. கூகர்ஸ் 38-35 என்று ஜெயித்தார்கள். 'பேக்-2 சாம்பியன்ஷிப்' என்று ரசிகர்களே அதற்குப் பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டு போகப்பட்ட பல டீம்களைவிட இவர்கள் அன்று நன்றாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் வேறு. கோர்வாலிஸ் மக்கள்தொகை சுமார் 60,000. புல்மன் அதில் பாதி. போர்ட்லாந்து வீடுகளின் டிவிக்கு ஆரிகன் போதும், சியாட்டில் வீடுகளின் டிவிக்கு வாஷிங்டன் போதும். அதே சந்தைக்கு எதற்கு இரண்டாவது ஆள் என்பதுதான் கணக்கு. ஆரிகன் ஸ்டேட் சுமார் 16 கோடி டாலர் செலவில் ஸ்டேடியத்தைப் புதுப்பித்து முடித்ததும் அதே 2023-ல்தான். புது இருக்கைகளில் ரசிகர்கள் உட்கார்ந்த முதல் சீசன், அந்தக் கான்ஃபரன்ஸின் கடைசி சீசன்.

கொடுமை என்னவென்றால், பேக்-12-க்கு அது பிரமாதமான சீசன். வாஷிங்டன் தோல்வியே இல்லாமல் தேசிய இறுதிப் போட்டி வரை போனது. வீடு இடியும்போது உள்ளே விருந்து நடந்த மாதிரி.

அந்த நவம்பரில் ஆரிகன் ஸ்டேட் தன் பரம எதிரி ஆரிகனிடம் 31-7 என்று தோற்றது. மறுநாளே கோச் ஜோனதன் ஸ்மித் மிச்சிகன் ஸ்டேட்டுக்குக் கிளம்பினார். இவர் வெளியாள் இல்லை. ஆரிகன் ஸ்டேட்டின் பழைய குவாட்டர்பேக். 2001 ஃபியஸ்டா பௌலில் நோட்ர டேமை 41-9 என்று அடித்த டீமை நடத்தியவர். அவரே போனபோது, மற்றவர்களைக் கேட்கவே வேண்டாம். புது விதிகளின்படி வீரர்கள் எளிதாக இடம் மாறலாம், விளம்பரப் பணமும் வாங்கலாம். வாஷிங்டன் ஸ்டேட்டின் குவாட்டர்பேக் கேம் வார்ட் மயாமிக்குப் போனார். 2025 என்எஃப்எல் தேர்வில் முதல் ஆளாக அவர் பெயர் வாசிக்கப்பட்டது, மயாமி வீரராக. அவர் இடத்துக்கு வந்த ஜான் மேட்டீர், ஒரே வருஷம் ஆடிவிட்டு ஓக்லஹோமாவுக்கு.

நீதிமன்றம் மட்டும் ஒரு தடவை இவர்கள் பக்கம் நின்றது. விலகுவதாக அறிவித்த பத்துப் பேரும் இன்னும் கான்ஃபரன்ஸ் போர்டில் ஓட்டுப் போட்டால், இருக்கிற சொத்தை எல்லாம் பிரித்து எடுத்துக்கொண்டு கடையை மூடிவிடுவார்கள் என்று இருவரும் வழக்குப் போட்டார்கள். 2023 நவம்பரில் புல்மன் இருக்கிற விட்மன் கவுன்ட்டி நீதிமன்றம் தற்காலிகத் தடை கொடுத்தது. வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றமும் டிசம்பரில் அதில் தலையிட மறுத்தது. பெயர், பலகை, கஜானா எல்லாம் இரண்டு பேர் கைக்கு வந்தது.

பாதிக்கப்பட்டவர்கள் செய்தது

இந்தக் கதையை நான் இங்கேயே நிறுத்தினால், நல்லவன் கெட்டவன் கதையாக முடியும். கேட்க நல்லாத்தான் இருக்கும்.

2024 சீசனுக்கு ஆட மேட்ச் இல்லாமல் இருவரும் நின்றபோது, பக்கத்து சின்னக் கான்ஃபரன்ஸான மவுன்டன் வெஸ்ட் கை கொடுத்தது. எங்க டீம்களோடு ஆளுக்கு ஆறு மேட்ச் ஆடிக்கோங்க, ஆனால் எங்க ஆட்களை இழுத்தால் அபராதம் கட்டணும் என்று ஒப்பந்தம். சீசன் ஆரம்பித்த இரண்டாவது வாரமே, செப்டம்பர் 12-ல், பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் நாலு பேரும் 2026-லிருந்து பேக்-12-க்கு வருவதாக அறிவித்தார்கள். அதே மாதத்தில் யூட்டா ஸ்டேட். அபராதம் செல்லாது என்று பேக்-12 தரப்பே வழக்கும் போட்டது. 2025-ல் டெக்சாஸ் ஸ்டேட் எட்டாவதாக வந்தது.

அப்போ வெளியே நின்றவர்களில் ஒருவர் வயோமிங். லாரமி என்ற ஊர். கொலராடோ ஸ்டேட்டோடு அவர்கள் 1899-லிருந்து மோதுகிறார்கள். 1968-லிருந்து வெண்கல பூட்ஸ்தான் கோப்பை. இரண்டு ஊருக்கும் நடுவில் சுமார் 100 கிலோமீட்டர். ஆரிகன் செய்ததை ஆரிகன் ஸ்டேட் செய்தது. 1959-ல் ஐடஹோ நின்ற இடத்தில் இப்போ வயோமிங்.

புல்மன் ரசிகர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உயிரோடு இருக்க வேறு வழி இருந்ததா என்று யோசித்தால், எனக்கு எதுவும் தோன்றவில்லை. இந்த அமைப்பில் மூழ்காமல் இருக்க, பக்கத்தில் இருப்பவர் தோளை மிதித்துத்தான் ஏறணும். யார் மிதிக்கிறார்கள் என்பது மட்டும் காலத்துக்குக் காலம் மாறுகிறது.

2026: என்ன எதிர்பார்க்கலாம்?

புதிய பேக்-12 2026 ஜூலை 1-ல் அதிகாரபூர்வமாக ஆரம்பம். ஃபுட்பாலுக்கு எட்டு டீம். முக்கிய ஒளிபரப்பாளர் சிபிஎஸ். இடைப்பட்ட இரண்டு வருஷம் இருவரும் அகதிகள் மாதிரி ஆடினார்கள். 2025-ல் மேட்ச் போதாமல் ஒரே சீசனில் ஒருவரை ஒருவர் இரண்டு தடவை சந்தித்தார்கள். ஆளுக்கு ஒரு வெற்றி.

ஆரிகன் ஸ்டேட் ரசிகர்கள் இப்போ பெரிசா எதையும் கேட்பதில்லை. 2025-ல் 2 வெற்றி, 10 தோல்வி. சீசன் நடுவிலேயே கோச்சை நீக்கினார்கள். புதுக் கோச் ஜமார்கஸ் ஷெப்பர்ட். ஆறு மேட்ச் ஜெயித்து ஏதாவது ஒரு பௌல் மேட்சுக்குப் போனாலே அங்கே கொண்டாட்டம்தான். வாஷிங்டன் ஸ்டேட் கொஞ்சம் மேல். ஆனால் அங்கேயும் மூன்று சீசனில் மூன்றாவது தலைமைக் கோச், கர்பி மூர். எதிர்பார்ப்பு முழுக்க பாய்சி ஸ்டேட் மேல். 2024-ல் 12 டீம் பிளேஆஃபுக்குள் நுழைந்து, நேராகக் காலிறுதிக்குப் போனவர்கள் அவர்கள்.

கணக்கும் கொஞ்சம் சாதகம். நாலு பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்குப் பிளேஆஃபில் இடம் உறுதி. மிச்சக் கான்ஃபரன்ஸ் எல்லாத்துக்கும் சேர்த்து, ரேங்கிங்கில் முதலில் இருக்கிற ஒரு சாம்பியனுக்கு ஒரு இடம். பேக்-12-ஐ இப்போ அந்த 'மிச்சம்' வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு இடத்துக்கு ஒவ்வொரு வருஷமும் உரிமையோடு கை நீட்டக்கூடிய குழு இது.

பிக் டென்னுக்குப் போனவர்கள் சந்தோஷமா? ஆரிகனைக் கேட்டால் ஆமாம் என்பார்கள். முதல் வருஷமே சாம்பியன். ஆனால் யுசிஎல்ஏ இப்போ கான்ஃபரன்ஸ் மேட்சுக்கு நியூ ஜெர்சியில் இருக்கிற ரட்கர்ஸுக்குப் பறக்கணும். சுமார் 3,900 கிலோமீட்டர். ஃபுட்பால் டீம் தனி விமானத்தில் போய் வந்துவிடும். அதே காலேஜில் வாலிபால் ஆடுகிற பெண், சாஃப்ட்பால் ஆடுகிற பெண், வாரநாள் வகுப்பை விட்டுவிட்டு அந்தத் தூரத்தைக் கடக்கணும். அவர்களை மனசில் வைத்து யாரும் ஒப்பந்தம் போடவில்லை.

ஒரு ரசிகர் சீசனுக்கு முன்னாடி என்ன எதிர்பார்க்கிறார் என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். கோப்பை என்று சொல்வார். ஆனால் அவர் உண்மையில் நம்பிக்கொண்டிருப்பது இதைவிட அடிப்படையான ஒன்றை: நல்லா ஆடினால் மேலே போவோம், மோசமா ஆடினால் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். 2023-ல் 14-ஆம் ரேங்கில் இருந்த டீமின் ரசிகருக்கு, அந்த நம்பிக்கைக்கும் அவருடைய டீமின் தலையெழுத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்துபோனது. தெரிந்த பிறகும் 2024 செப்டம்பரில் சியாட்டில் போனார்கள் வாஷிங்டன் ஸ்டேட் ரசிகர்கள். 1900-லிருந்து நடக்கிற எதிரி மேட்ச். இந்த முறை பிக் டென் பணக்காரர்களாக எதிரே நின்ற ஹஸ்கீஸை கூகர்ஸ் 24-19 என்று தோற்கடித்தார்கள். அதனால் எந்த ஒப்பந்தமும் மாறவில்லை. எந்தக் கான்ஃபரன்ஸும் அழைக்கவில்லை. ஆனால் புல்மனில் அந்த ராத்திரி யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

இந்த செப்டம்பரில் ஏதாவது ஒரு சனிக்கிழமை, அந்த நிகழ்ச்சியின் கிளிப் உங்க கண்ணில் பட்டால், பேசுகிறவர்களைப் பார்க்காதீங்க. பின்னாடி கூட்டத்துக்கு மேலே பாருங்க. கருஞ்சிவப்புக் கொடி பறந்துகொண்டிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவர், ஒரு வாஷிங்டன் ஸ்டேட் ரசிகராக இருப்பார்.